மூடின கதவுக்கு ஒரு சல்யூட்

வா கண்ணு, குந்து. ஏரிய மூணு சுத்து ஓடிட்டு வர்ற, மூச்ச விடு மொதல்ல. பருத்திப்பட்டு ஏரி எங்கயும் போயிடாது. ஷூ புதுசா? நாயிங்க கூட எந்திரிச்சு வழி விடுதே, அதான் கேட்டேன்.

உன் சேதி டீக்கடை வரைக்கும் வந்துருச்சு. எம்.எஸ்ஸி. முடிச்சிட்டியாம். பட்டாளத்துக்குப் போறியாம். ஆபீசரா போறதா, சாதா ஜவானா போறதான்னு மூணு மாசமா யோசிச்சிக்கினு இருக்கியாம். நல்லா யோசி. அவசரமே இல்ல. நீ முடிவு சொல்ற வரைக்கும் சீனாக்காரனும் பாகிஸ்தான்காரனும் பார்டர்ல டீ குடிச்சிக்கினு காத்திருப்பாங்க.

கேக்க சரியான ஆளாண்டதான் வந்திருக்க. நான் பட்டாளத்துல ஒரு நாள் கூட இருந்ததில்ல. பட்டாளத்துக்கு உடுப்பு தெக்கிற ஓ.சி.எஃப். ஃபேக்டரில 34 வருஷம் தையல் மிஷின் முன்னாடி குந்தினவன். பச்சை சட்டை, பச்சை பேண்ட்டு, குளிர் கோட்டு. உள்ள யார் வருவான்னு எனக்குத் தெரியாது. அளவெடுக்கறதும் கிடையாது. சைஸ் நம்பர் ஒண்ணு இருக்கும், அந்த நம்பருக்குள்ள மனுசன் வந்து சேர்ந்துக்கணும். ஆபீசருங்க தங்களோட உடுப்பத் தனியா டெய்லராண்ட குடுத்துத் தெச்சிக்குவாங்க. அதுக்குன்னு வருசா வருசம் காசு வேற குடுக்குறான். ஆக, பட்டாளத்தப் பத்தி எனக்குத் தெரிஞ்ச மொத வித்தியாசம் இதான். ஒருத்தன் சட்டைக்குத் தகுந்த மாதிரி ஒடம்ப மாத்திக்கணும், இன்னொருத்தனுக்கு ஒடம்புக்குத் தகுந்த மாதிரி சட்டை வரும்.

சரி, நீ சொல்ற காரணத்தக் கேட்டேன். "தாத்தா, எனக்குப் பதவி ஆசை இல்ல. கீழேர்ந்து ஆரம்பிக்கணும். மண்ணோட மண்ணா நிக்கிறவன்தான் நெஜ வீரன்"ங்கற. அடேங்கப்பா. காது குளிர்ந்துச்சு. இந்த வயசுல இவ்ளோ அடக்கம் நம்ம தெருவுலயே எவனுக்கும் கிடையாது.

உனக்கு இன்னா வயசு? 23. வர்ற ஐப்பசிக்கு 24.

அங்கதான் கண்ணு சின்னதா ஒரு சிக்கல். அந்த அக்னிபத்னு 2022 ஜூன்ல கொண்டாந்தாங்களே, அதுல ஆளெடுக்குற வயசுன்னு அப்ப வெச்சது பதினேழரைலேர்ந்து 21. கொரோனாவால ரெண்டு வருசம் ஆளே எடுக்கலியேன்னு அந்த மொத வருசம் மட்டும் 23 வரைக்கும் வுட்டான். அப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த? காலேஜ் கேண்டீன்ல பப்ஸ் துன்னுக்கினு இருந்த. பத்தாவது பாஸ் பண்ணவன் போற கதவு அது. நீ எம்.எஸ்ஸி. மொத வருச லேப் ரெக்கார்டு எழுதிக்கினு இருந்தப்பவே உன் மூஞ்சிக்கு நேரா சாத்திக்கிச்சு. சாத்தின கதவுக்கு முன்னாடி நின்னு "நான் இதுக்குள்ளதான் போகணும்னு ஆசைப்பட்டேன்"னு சல்யூட் அடிக்கிற பாரு, அதாண்டா அடக்கம். காசும் செலவாகாது, காலும் வலிக்காது.

மூஞ்சிய ஏன் தொங்கப் போட்டுக்கற? இது உன் தப்பு மட்டும் இல்ல. நம்ம ஊரே இப்படித்தான், பட்டாளத்தப் பத்திப் பாதி காதுல கேட்டத முழுசா நம்பும். ஆவடின்னா இன்னான்னு கேளு. "ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா, அதோட சுருக்கம்"னு வாத்தியாரே பாடம் நடத்துவாரு. 1955ல காங்கிரஸ் மாநாடு நம்ம ஆவடில நடந்துச்சு, நேரு வந்தாரு. நம்ம டாங்கி ஃபேக்டரி எச்.வி.எஃப்.லேர்ந்து மொத விஜயந்தா டாங்கி வெளிய வந்தது 1965 டிசம்பர் கடைசில. டாங்கி பொறக்குறதுக்குப் பத்து வருசம் முன்னாடியே அதோட இனிஷியல வெச்சு ஊருக்குப் பேரு வெச்சிட்டாங்களாம்! இந்த ஊர்ல வளந்த புள்ள நீ. சி.ஆர்.பி.எஃப். கேம்ப்பையும் மிலிட்டரிம்ப, ஸ்பெஷல் போலீஸ் பட்டாலியனையும் மிலிட்டரிம்ப. ஒண்ணு டில்லி உள்துறைக்குச் சொந்தம், ஒண்ணு நம்ம கோட்டைக்குச் சொந்தம். காக்கியும் பச்சையும் ஒரே தறியில வந்ததுன்னு நெனச்சிக்கினு இருக்க.

சரி, அந்தக் கதவு தொறந்தே இருந்துச்சுன்னு வெச்சிக்க. உள்ள போய்ப் பாப்போம் வா.

ஒசரம் இன்னா? 162ஆ. போச்சு. நம்ம தமிழ்நாட்டுப் பையன் ஜெனரல் டியூட்டி ஜவானாகணும்னா 166 சென்டிமீட்டர் வேணும். ஆபீசருக்கு? 157 இருந்தா போதும். சிரிக்காதடா, நெஜமாத்தான். உத்தரவு போடறவன் குள்ளமா இருக்கலாம், கேக்குறவன்தான் நெட்டையா இருக்கணும். அப்புறம் 1600 மீட்டர, அஞ்சரை நிமிசத்துக்குள்ள ஓடினா முழு மார்க்கு. உன்ன இன்னிக்குப் பாத்தேன். ஏரிய ஒரு சுத்து வர்றதுக்குள்ள ரெண்டு தடவ போன் பாத்த, ஒரு தடவ செல்ஃபி எடுத்த. செல்ஃபில ஏரி அல்லி மட்டும் நல்லா வுழுந்திருக்கும்.

சம்பளம்? அக்னிபத்ல சேர்ற அக்னிவீருக்கு மொத வருசம் மாசம் 30,000. அதுல 9,000 பிடிச்சு நிதில போடுவான், கைல 21,000. நாலாவது வருசம் 40,000 ஆகும். நாலு வருசம் முடிஞ்சா சேவா நிதின்னு வட்டியோட சுமார் 11.71 லட்சம் குடுத்து, "ரொம்ப சந்தோசம், போய்ட்டு வா"ம்பான். நாலுல ஒருத்தன் வரைக்கும்தான் தங்க முடியும். வெளிய வர்றவனுக்குப் பென்சன் கிடையாது. நம்ம அம்பத்தூர் எஸ்டேட்ல கான்ட்ராக்ட்ல போறானே உன் கூட்டாளி, அவனுக்கும் இதே கததான். இவன் துப்பாக்கி பிடிக்கிறான், அவன் ஸ்பானர் பிடிக்கிறான்.

அப்ப ஆபீசர் வேலை ஆயுசுக்கும்னு உங்கம்மா நெனச்சிக்கினு இருக்காங்களே, அதையும் ஒடச்சிடுறேன். பரங்கிமலைல ஆபீசருக்குப் பயிற்சி குடுக்கற ஓ.டி.ஏ. இருக்கே, 1962 சீனா சண்டைல அடி வாங்கினப்புறம் ஆபீசருங்க பத்தலன்னு 1963ல அவசரமா ஆரம்பிச்சது. அங்கேர்ந்து போறவன் ஷார்ட் சர்வீஸ். பத்து வருசம், கேட்டா இன்னும் நாலு. நிரந்தரமா எடுத்துக்கலன்னா பதினாலு வருசத்துல அவனும் பொட்டியக் கட்டிக்கினு வரணும், பென்சன் இல்லாம. வித்தியாசம் இதான்: அக்னிவீரு 25 வயசுல வந்து "இனிமே இன்னா பண்றது"ன்னு நிப்பான், ஷார்ட் சர்வீஸ்காரன் 38ல வந்து அதே எடத்துல நிப்பான். நெத்தியில மட்டும் முடி கம்மியா இருக்கும்.

காசு கணக்குல ஒண்ணு மட்டும் எனக்கு எப்பவும் தொண்டைல மாட்டும். லெப்டினென்ட்டா நொழையறவனுக்கு மூலச் சம்பளம் 56,100. பயிற்சி நடக்கறப்பவே அந்த 56,100ஐ உதவித்தொகையாக் குடுத்துடறான். பழைய முறைல சேந்த சிப்பாய்க்கு ஆரம்பம் 21,700. சரி, படிப்புக்குத் தகுந்த கூலின்னு வுடு. ஆனா ராணுவப் பணிக்குன்னு தனியா ஒரு தொகை இருக்கு. கஷ்டத்துக்கு விலை மாதிரி. ஆபீசருக்கு 15,500, ஜவானுக்கும் சுபேதாருக்கும் 5,200. சியாச்சின்ல நின்னா அதுக்கு மேல மாசம் ஆபீசருக்கு 42,500, ஜவானுக்கு 30,000னு 2017ல வெச்சாங்க. குளிர் ரெண்டு பேருக்கும் ஒரே குளிர். நான் தெச்ச கோட்டுக்குள்ள கையி வெறைக்கறதும், டெய்லர் தெச்ச கோட்டுக்குள்ள கையி வெறைக்கறதும் ஒரே மாதிரிதான் வெறைக்கும். பனிக்கட்டிக்கு மட்டும் டில்லில ரெண்டு விலை.

சாவுக்கு ஒரே விலைதான். 2020 ஜூன் 15 ராத்திரி கல்வான்ல 20 பேர் போனாங்களே, அதுல கர்னல் சந்தோஷ் பாபுவும் இருந்தாரு, நம்ம ராமநாதபுரத்து அவில்தார் பழனியும் இருந்தாரு. அவரு பட்டாலியனையே நடத்தினவரு, இவரு பீரங்கிப் படைக்காரரு. ஒருத்தருக்கு மகாவீர் சக்ரா, ஒருத்தருக்கு வீர் சக்ரா. ரெண்டு வீட்டுக்கும் பொட்டி ஒரே மாதிரி கொடி போத்திதான் வந்துச்சு. இதுல நான் ஜோக்கு சொல்ல மாட்டேன்.

டீ சொல்லு ரெண்டு. எனக்கு சக்கரை கம்மி.

ஆங், எங்க வுட்டேன். உன் அடக்கம். அமரன் படம் பாத்துட்டு வந்து நாலு நாள் யார் கூடவும் பேசலியாமே நீ. முகுந்த் வரதராஜன் மாதிரி ஆகணும்னு. அந்தப் புள்ளயும் பி.காம். முடிச்சு, தாம்பரத்துல கிறிஸ்டியன் காலேஜ்ல பத்திரிகைப் படிப்பு டிப்ளமோவும் படிச்சவன். படிச்சப்புறம் எங்க போனான்? நம்ம பரங்கிமலைக்குத்தான். 2006ல கமிஷன் ஆனான். மேஜர் ஆகி 2014 ஏப்ரல்ல சோபியான்ல செத்தான், அசோக சக்ரா வந்துச்சு. மேல் படிப்பு படிச்சிட்டோமே, இனிமே கீழேர்ந்து மண்ணோட மண்ணா ஆரம்பிப்போமான்னு அவன் டீக்கடைல மூணு மாசம் உக்காந்த மாதிரி தெரியல. நீ படத்துல சண்டைய மட்டும் பாத்திருக்க, அப்ளிகேஷன் பாரம் போட்டத எவனும் படமா எடுக்க மாட்டான்.

பாரம் எவ்ளோ கஷ்டம்னு நானே விசாரிச்சிட்டேன். யு.பி.எஸ்.சி. வருசத்துக்கு ரெண்டு தடவ சி.டி.எஸ். பரீட்சை வெக்கிறான். டேராடூன் மிலிட்டரி அகாடமி ஐ.எம்.ஏ.வுக்குன்னா இங்கிலீசு, பொது அறிவு, கணக்கு. பரங்கிமலைக்குன்னா கணக்கே கிடையாது, ரெண்டே பேப்பர், பேப்பருக்கு 100 மார்க்கு. பட்டாளத்துலயே கணக்கு வராதவனுக்குன்னு ஒரு வாசல் நம்ம ஊரு பக்கத்துல வெச்சிருக்கான், அதுக்கு நீ பிசிக்ஸ் படிச்சிட்டு பயந்துக்கினு இருக்க. ஐ.எம்.ஏ.வுக்கு 24 வரைக்கும், ஓ.டி.ஏ.வுக்கு 25 வரைக்கும். அதுவும் பரீட்சை அன்னிக்கி இருக்கற வயசு இல்லடா, பயிற்சி தொடங்குற காலத்த வெச்சுக் கணக்கு. அது பரீட்சைக்கு முக்கா வருசம், ஒரு வருசம் தள்ளி வரும். அப்ப உனக்கு டேராடூன் போச்சு. பரங்கிமலை ஒரு தடவ, மிஞ்சினா ரெண்டு தடவ. இஞ்சினியரா இருந்தா 27 வரைக்கும் வேற வழி இருக்கு. என்.சி.சி.ல 'சி' சர்டிபிகேட் வாங்கியிருந்தா எழுத்துப் பரீட்சையே இல்ல. அதுக்குத்தான் காலேஜ்ல ஞாயித்துக்கெழம பரேடுக்குப் போன்னேன், நீ தூங்கின.

ஜவானா உள்ள போயும் ஆபீசர் ஆகலாம்னு உன் கூட்டாளி சொன்னானா? சொல்லுவான். உள்ள ரெண்டு வருசம் போட்டவன் பரீட்சை எழுதி, ஆர்மி கேடட் காலேஜ்னு டேராடூன்ல மூணு வருசம் படிச்சு, அப்புறம் ஐ.எம்.ஏ.ல ஒரு வருசம். அது பன்னெண்டாவது முடிச்சு 18 வயசுல உள்ள போறவனுக்கு நல்ல ரோடு. உனக்கு? ஏற்கெனவே டிகிரி மேல டிகிரி வாங்கிட்டு, இன்னொரு டிகிரி வாங்கி ஆபீசர் ஆகறேன்ங்கறது பூந்தமல்லிலேர்ந்து ஆவடி வர திருப்பதி போய்ச் சுத்தின மாதிரி. வேணும்னா லட்டு கிடைக்கும்.

எம்.எஸ்ஸி. படிச்சவன ஜவானுங்களுக்குப் பாடம் நடத்த அவில்தார் எஜுகேஷன்னு எடுக்கறது உண்டு, 25 வயசு வரைக்கும். அறிவிப்பு வந்தா பாரு. மொத நாளே மூணு பட்டை. கீழேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு நெஜமாவே ஒரு பிடிவாதம் இருந்தா உனக்குத் தெச்ச சட்டை அதுதான். அதப் பத்தி நீ ஒரு வார்த்தை பேசலியே ஏன்? தெரியாதா? மூணு மாசமா யோசிச்சியே, இன்னாத்த யோசிச்ச?

நான் சொல்லட்டா. நீ ஜவான் வேலைய யோசிக்கல. பெங்களூர யோசிச்ச.

பாத்தியா, டீ கீழ சிந்துது.

பரீட்சை தாண்டினவன பெங்களூர்ல வெச்சு ஆபீசருக்குத் தேறுவானான்னு பாக்கற எஸ்.எஸ்.பி.க்கு நம்ம தெருக்கோடி வூட்டுப் பையன் போனான் இல்ல, பேரு வேணாம். ராத்திரி ரயிலு ஏத்தி வுட மாலை ஒண்ணுதான் கொறச்சல், அத்தை, பெரியம்மா, சித்தப்பான்னு ஊரே ஸ்டேஷன்ல. அஞ்சு நாள் சோதனைன்னான். மூணாம் நாள் காலைல ஏரிக்கரைல வாக்கிங் போறான். "இன்னாடா"ன்னா "கப்பன் பார்க்கு நல்லா இருக்கு தாத்தா"ங்கறான். மொத நாளே ஒரு மங்கலான படத்தக் காட்டி, அரை நிமிசத்துல எடுத்துட்டு, கதை எழுதுன்னு சொல்லி, அதுலயே பாதிக்கு மேல ஆள வூட்டுக்கு அனுப்பிடறானாம். பரீட்சைல தோத்தா கேள்வித்தாள் கஷ்டம்னு சொல்லலாம். அஞ்சு நாள் உன்னயே உத்துப் பாத்துட்டு "வேணாம்"னு ஒருத்தன் சொன்னா இன்னா சொல்லுவ? அந்தச் சொல்லுக்குத்தான் நீ பயந்துக்கினு இருக்க. ஜவான் வேலைய நீ வேணும்னு சொல்ற மாதிரி நடிக்கலாம், ஆபீசர் வேலை உன்ன வேணாம்னு சொல்லிடுமே.

இரு, கோவப்படாத. எனக்கும் ஒருத்தன் வேணாம்னு சொன்னான். 19 வயசு. வேலூர்ப் பக்கம் ஆளெடுப்புன்னு ராத்திரியே போய் வரிசைல படுத்தோம். ஓடினேன், முன்னாடி வந்தேன். நெஞ்ச அளந்தான், சரியா இருந்துச்சு. அப்புறம் ஈரக் கால சிமென்ட் தரைல வெக்கச் சொன்னான். கால எடுத்துப் பாத்தான். முழுப் பாதமும் பதிஞ்சிருந்துச்சு, நடுவுல வளைவே இல்ல. தட்டைக் காலு. முதுகுல தட்டி "போ"ன்னான். அந்த ஈரத் தடம் காயற வரைக்கும் நான் பாத்துக்கினே நின்னேன். அப்புறம் வந்து 34 வருசம் மத்தவனுக்கு சட்டை தெச்சேன். ஆனா ஒண்ணு, வேணாம்னு சொன்னவன் அவன்தான். நான் சொல்லிக்கல.

சரி, அந்தச் சோதனை இங்கயே வெப்போம். 60 வார்த்தை காட்டுவானாம், ஒரு வார்த்தைக்கு 15 செகண்டு, மனசுல பட்டத எழுதணும். நான் ஒரு வார்த்தை சொல்றேன். மூணு மொடக்கு டீ குடிக்கிற நேரம். ரெடியா? "பயம்."

...

குடிச்சிட்டேன்.

பரவால்ல, வாய் மட்டும் தொறந்துச்சு. அப்புறம் 12 படம், படத்துக்கு நாலு நிமிசம் கதை எழுதணும். 11 படத்துல யாராச்சும் நிப்பான், குந்துவான், ஓடுவான். பன்னெண்டாவது வெறும் வெள்ளைப் பேப்பரு. படமே இல்ல. நீயே ஒரு படத்த நெனச்சு எழுது. உன்னாட்டம் யோசிக்கிறவனுக்கு அந்த ஒரு பேப்பருக்கே மூணு மாசம் ஆவும்.

நானா? நான் இன்னா எழுதுவேன்னு என்னக் கேக்குறியா? ஈரக் காலோட ஒரு பையன் சிமென்ட் தரைல நிக்கிறான்னு ஆரம்பிப்பேன். அதுக்கு மேல இன்னா எழுதறதுன்னு பாக்கறதுக்குள்ள அவன் பெல் அடிச்சிடுவான்.

மொத தடவ போறவனுக்கு ரயில் காசு அவனே குடுக்குறானாம், ஏ.சி. பெட்டில. அதனால தோத்தாலும் கப்பன் பார்க்கு ஓசி. பாரத்துக்கு ஃபீஸ் 200 ரூபா. உன்னாண்ட இருக்காது, ஷூ வாங்கிட்ட. இந்தா. இந்த இடுப்புல முடிஞ்சிருக்கறதெல்லாம் பென்சன் காசு, பத்திரமா வெச்சிக்க. வட்டி வேணாம். எனக்கு இதுல ஒரு லாபமும் கிடையாது, சத்தியமா.

ஜவான விட ஆபீசருக்கு கேண்டீன்ல கோட்டா பாட்டில் கூடங்கறாங்களே, அது மட்டும் நெஜமான்னு விசாரிச்சு வை.